ஹைதராபாத் எப்படித் தடுப்பூசித் தலைநகரானது?

2020 டிசம்பர் 9 அன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் தூதர்கள் டெல்லியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஒன்றாக வந்திறங்கினார்கள். நகரத்துக்கு வடக்கே ஷாமிர்பேட்டை வட்டாரத்தில் இருக்கும் பாரத் பயோடெக், பயாலஜிக்கல் இ ஆகிய இரண்டு நிறுவனங்களைப் பார்வையிடுவதற்காகவே அந்தப் பயணம் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. கரோனா தடுப்பூசி எப்போது வரும், யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று உலகமே தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கேள்விகளோடு இத்தனை நாடுகள் ஒரே நாளில் தேடி வந்த இடம், தக்காணத்துப் பாறைகளுக்கு நடுவே அமைந்த ஒரு தொழில் வளாகம்.

உலகத் தடுப்பூசி உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு தங்கள் மாநிலத்தில் நடக்கிறது என்பது தெலங்கானா அரசு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஹெபடைடிஸ்-பி, டைபாய்டு, ரோட்டா வைரஸ், வெறிநாய்க்கடி என்று நம் ஊரில் போடப்படும் தடுப்பூசிக் குப்பிகளைத் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் ஹைதராபாத் முகவரி இருக்கும்.

இந்த இடம் ஹைதராபாத்துக்கு இயற்கையாக அமைந்ததல்ல. அங்கே துறைமுகம் கிடையாது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் மருந்துத் தொழில் என்றால் மும்பை, வதோதரா, கொல்கத்தா ஆகிய நகரங்கள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலில் இல்லாத ஹைதராபாத் ஐம்பது, அறுபது ஆண்டுகளில் இந்த நிலையை எட்டியது எப்படி என்ற கேள்வி இன்று முக்கியமானது. உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை ஊக்குவிக்கும் ‘பயோ-ஈ3’ கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட்டில் ஒப்புதல் அளித்தது. பல மாநிலங்களும் நிலம், வரிச்சலுகை, மானியம் என்று முதலீட்டாளர்களை அழைக்கின்றன. ஆனால், ஹைதராபாத்தில் இவையெல்லாம் கடைசியாக வந்தவை. முதலில் வந்தவை அரசு ஆலையும் அரசு ஆய்வகங்களும்.

விதை போட்ட பொதுத் துறை

சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு 1961-ல் இந்தியன் டிரக்ஸ் அண்ட் ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற பொதுத் துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐ.டி.பி.எல். என்று அழைக்கப்பட்ட இந்த நிறுவனத்துக்கு மூன்று ஆலைகள் திட்டமிடப்பட்டன. ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்கு ரிஷிகேஷ், அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குச் சென்னை நந்தம்பாக்கம், செயற்கை முறையில் தயாரிக்கப்படும் மருந்துகளுக்கு ஹைதராபாத்தின் பாலாநகர். ஒரு மருந்தின் மூலக்கூறை அடிப்படை ரசாயனங்களிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்பி, டன் கணக்கில் தயாரிப்பது எப்படி என்பதை இந்திய வேதியியலாளர்கள் பலர் பாலாநகரில்தான் கைப்பழக்கமாகக் கற்றார்கள்.

அடுத்து வந்தது சட்டம். 1970-ல் நிறைவேறி 1972-ல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துகளைப் பொறுத்தவரை தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்றது. மருந்துப் பொருளுக்கு 2005 வரை காப்புரிமை இல்லை. வேறொரு வழியில் அதே மருந்தைத் தயாரிக்கத் தெரிந்தவருக்குச் சந்தையின் கதவு திறந்தது. அந்த வழி தெரிந்தவர்கள் பாலாநகரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சி ரெட்டி. 1969 முதல் 1975 வரை ஐ.டி.பி.எல்.லில் பணியாற்றிய அவர், பிறகு வெளியேறித் தொழில்முனைவோர் ஆனார். 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் லேபாரட்டரீஸைத் தொடங்கினார். ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் ரிடுக்ஸிமேப் என்ற உயிரி மருந்தின் ஒத்த வடிவத்தை உலகில் முதன்முதலாக 2007-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது அந்த நிறுவனம்தான். ஐ.டி.பி.எல். பின்னாளில் நலிந்து முடங்கியது. ஆனால், அது உருவாக்கிய மனிதவளம் ஊர் முழுவதும் ஆலைகளாகக் கிளைத்துவிட்டது.

ஆய்வகங்களின் கதை இன்னும் பழையது. நிஜாம் ஆட்சியில் 1944-ல் தொடங்கிய ஆய்வகம்தான் இன்று இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரோடு தார்நாகாவில் நிற்கிறது. 1958-ல் இன்னொரு நிறுவனம் ஹைதராபாத்துக்கு இடம் மாறி வந்தது. அதன் பூர்விகம் தமிழ்நாடு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1977-ல் புஷ்ப பார்கவாவின் முன்முயற்சியில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், அதாவது சி.சி.எம்.பி., உருவானது. வேதியியல், ஊட்டச்சத்து, மூலக்கூறு உயிரியல் என்று மூன்று துறைகளின் தேசிய ஆய்வகங்கள் நடந்தே போகக்கூடிய தொலைவில் அடுத்தடுத்து அமைந்தன. உஸ்மானியா பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருந்தது. ஓர் ஆய்வகத்தில் சிக்கல் எழுந்தால், அதற்கு விடை தெரிந்தவர் அடுத்த தெருவில் இருப்பார் என்ற சூழல் இப்படித்தான் பிறந்தது.

750 ரூபாயும் 50 ரூபாயும்

இந்தச் சூழல் என்ன செய்யும் என்பதைக் காட்டியது சாந்தா பயோடெக்னிக்ஸ். 1990-களின் தொடக்கத்தில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி இறக்குமதியாகத்தான் கிடைத்தது. ஒரு டோஸின் விலை ஏறத்தாழ 750 ரூபாய். ஒருவருக்கு மூன்று டோஸ் தேவை. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் 9,000 ரூபாய். அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத தொகை அது. ஏழைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கே.ஐ.வரபிரசாத் ரெட்டி உயிரியல் படித்தவர் அல்லர்; மின்னணுப் பொறியாளர். இந்தத் தடுப்பூசியை இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டும் என்ற முனைப்போடு 1993-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்தமாக ஆய்வகம் கட்ட வசதியில்லாத அந்த நாள்களில் உஸ்மானியா பல்கலைக்கழகமும் பிறகு சி.சி.எம்.பி.யும் அவருடைய குழுவுக்கு இடம் கொடுத்தன. வங்கிகள் தயங்கியபோது, ஓமன் நாட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த யூசுஃப் பின் அலாவி முதலீடு செய்தார். 1997 ஆகஸ்ட்டில் ‘ஷான்வாக்-பி’ வெளிவந்தது. மரபணு மறுசேர்க்கை முறையில் இந்தியாவில் உருவான முதல் தடுப்பூசி அதுதான். விலை 50 ரூபாய்.

பாரத் பயோடெக்கும் அடுத்த சில ஆண்டுகளில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியோடு களத்துக்கு வந்தது. போட்டி வலுத்தது, விலை மேலும் சரிந்தது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை 2002-ல் சோதனை முறையிலும், பிறகு நாடு முழுவதிலும் சேர்க்க அரசால் முடிந்ததற்கு இந்த விலைச் சரிவு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு குப்பியின் பயணம்

ஐம்பது ரூபாய் தடுப்பூசி என்றதும் எளிதான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மாத்திரை தயாரிப்பது ரசாயன வேலை. தடுப்பூசி தயாரிப்பது உயிரோடு செய்யும் வேலை. ஹெபடைடிஸ்-பி வைரஸின் ஒரே ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு ஈஸ்ட் செல்லுக்குள் பொருத்தப்படுகிறது. அந்த ஈஸ்ட் கடுங்குளிரில் சிறு குழல்களில் பாதுகாக்கப்படும். உற்பத்தி தொடங்கும்போது ஒரு குழலை வெளியே எடுத்துக் குடுவையில் வளர்ப்பார்கள். அங்கிருந்து சிறிய கலன். பிறகு பெரிய ஃபெர்மென்டர். வெப்பம், ஆக்ஸிஜன், அமிலத்தன்மை ஆகியவற்றை இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் ஈஸ்ட் வளரும், ஆனால் புரதம் சரியாக உருவாகாது.

பிறகு செல்களை உடைத்து, ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவிலிருந்து தேவையான ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். செலவும் நேரமும் திறமையும் அதிகம் தேவைப்படும் கட்டம் இது. சுத்தமான புரதத்தை அலுமினியக் கூழோடு சேர்த்து, கிருமி நுழையாத அறையில் குப்பிகளில் நிரப்புவார்கள். கண்கள் மட்டும் தெரியும் உடையணிந்த பணியாளர்கள், காற்று கலங்காதபடி மெல்ல நடந்து வேலை செய்யும் அறை அது. அதற்குப் பிறகும் குப்பி வெளியே போக முடியாது. கிருமி இல்லை என்று உறுதிசெய்யும் சோதனைக்கு மட்டும் 14 நாள்கள் ஆகும். தயாரான தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வீரியம் குறையும். உறைந்துவிட்டால் மொத்தமாக வீண்.

ஒவ்வொரு தொகுதியும் அரசு ஆய்வகத்தின் சான்று பெற்ற பிறகே விற்பனைக்குப் போகும். இதற்காக நெடுங்காலம் இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் கசௌலியின் மத்திய மருந்து ஆய்வகத்தையே நாடு நம்பியிருந்தது. பெருந்தொற்றின் நெருக்கடியின்போதுதான், 2021-ல், புனேவிலும் ஹைதராபாத்திலும் உள்ள இரண்டு ஆய்வு நிறுவனங்களுக்கு அந்தப் பொறுப்பு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றது தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம். தடுப்பூசி தயாராகும் ஊரிலேயே சோதனையும் நடந்தால் எத்தனை நாள்கள் மிச்சம் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

ஃபெர்மென்டரை விலைக்கு வாங்கிவிடலாம். அதை இயக்கத் தெரிந்தவர், பழுது பார்ப்பவர், சுத்தமான அறையின் காற்றுவழிகளை அமைப்பவர், குளிர்பதன லாரி ஓட்டுபவர், ஆவணங்களைச் சரிபார்ப்பவர் என்று நூறு வகையான கைகள் ஓரிடத்தில் சேர்வதற்குத்தான் ஒரு தலைமுறை பிடிக்கிறது. ஹைதராபாத்தின் உண்மையான பலம் அந்தக் கைகள்தாம்.

ஆட்சி மாறினாலும் மாறாத கொள்கை

1999-ல் சந்திரபாபு நாயுடு ஆட்சியில் ‘ஜீனோம் வேலி’ என்ற உயிரித் தொழில்நுட்ப வட்டாரம் அறிவிக்கப்பட்டபோது, மேலே சொன்ன அடித்தளம் தயாராக இருந்தது. அந்த வட்டாரத்தின் துர்க்கபள்ளியில் ஐசிஐசிஐ நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து அமைத்த அறிவுப் பூங்கா, சிறு நிறுவனங்களுக்கு ஆய்வகத்தையே வாடகைக்குக் கொடுத்தது. ஆய்வுச் சிந்தனை மட்டும் கையில் உள்ள இளம் விஞ்ஞானிக்கு, கட்டிடம் கட்டும் கவலை இல்லாமல் வேலையைத் தொடங்க வழி கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்திய அரசியலில் அரிது. தெலுங்கு தேசம் போய் காங்கிரஸ் வந்தது. மாநிலமே இரண்டாகப் பிரிந்தது. தெலங்கானாவில் சந்திரசேகர ராவ் ஆட்சி வந்தது. 2023 டிசம்பரில் மீண்டும் காங்கிரஸ் வந்தது. ஜீனோம் வேலியை யாரும் கைவிடவில்லை. 2003-ல் தொடங்கிய ‘பயோ ஏசியா’ மாநாடு, தொடங்கிவைத்தவர் யார் என்று பார்க்காமல் எல்லா ஆட்சியிலும் தொடர்கிறது. ஒரு தடுப்பூசியை உருவாக்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும் தொழிலில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் கொள்கையை நம்பி யாரும் பணம் போட மாட்டார்கள்.

இந்த வட்டாரம் தனித்தீவாக வளரவும் இல்லை. ரோட்டாவாக் தடுப்பூசியே இதற்குச் சான்று. குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸின் ஒரு வகையை 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எம்.கே.பான் குழுவினர் கண்டறிந்தனர். அதைத் தடுப்பூசியாக வளர்த்தெடுத்தது ஹைதராபாத்தின் பாரத் பயோடெக். மூன்றாம் கட்டப் பரிசோதனை டெல்லியிலும் புனேவிலும் வேலூரிலுமாக 6,799 குழந்தைகளிடம் நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 2016-ல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்தது. கண்டுபிடிப்பு ஒரு நகரத்தில், பரிசோதனை வேறு நகரங்களில், உற்பத்தி மற்றொன்றில். பொதுப் பணமும் தனியார் முயற்சியும் இப்படிக் கைகோத்ததால்தான் ஒரு டோஸை ஒரு டாலர் அளவில் கொடுக்க முடிந்தது.

மறைக்கக் கூடாத தழும்புகள்

ஹைதராபாத்தைப் புகழ்பவர்கள் பட்டான்செருவையும் சேர்த்தே பேச வேண்டும். நகரத்தின் மேற்கே உள்ள அந்தத் தொழிற்பகுதியில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்த பொது நிலையத்தை ஸ்வீடன் விஞ்ஞானி யோவாகிம் லார்சன் குழுவினர் ஆராய்ந்து, 2007-ல் முடிவுகளை வெளியிட்டனர். சுத்திகரிக்கப்பட்டு வெளியேறிய நீரிலேயே ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் ரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது அதிகம். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை வளர்த்துவிட இதைவிடத் தோதான இடம் இருக்க முடியாது. விவசாயிகள் கிணற்றையும் வயலையும் இழந்தார்கள்; வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. உயிர் காக்கும் தொழில் என்ற பெயர், பக்கத்து ஊரின் தண்ணீரைக் கெடுப்பதற்கு உரிமம் ஆகிவிடாது.

தரத்திலும் கண்டிப்பு வேண்டும். 2022 ஏப்ரலில், பாரத் பயோடெக் ஆலையில் நடத்திய ஆய்வில் கண்ட உற்பத்தி நடைமுறைக் குறைகளுக்காக, அந்த நிறுவனத்தின் கரோனா தடுப்பூசியான கோவேக்சின் ஐ.நா. அமைப்புகள் வழியாக வழங்கப்படுவதை உலக சுகாதார நிறுவனம் நிறுத்திவைத்தது. தடுப்பூசியின் பாதுகாப்பில் ஐயம் இல்லை என்று அது சொன்னாலும், பெருந்தொற்றின் அவசரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறைகள் அமைதிக் காலத்தில் செல்லாது என்பது தெளிவானது. அதே பெருந்தொற்றில் இன்னொரு பலவீனமும் வெளிப்பட்டது. வடிகட்டிகள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள், செல்களை வளர்க்கும் ஊட்டக்கலவை ஆகியவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. அமெரிக்கா தன் நாட்டு உற்பத்திக்கு முன்னுரிமை கொடுத்தபோது இந்தியத் தடுப்பூசித் தொழில் திணறியது. இந்தப் பொருள்களை உள்நாட்டில் தயாரிக்கும் ஆலைகள் வராதவரை, உலகின் மருந்தகம் என்ற பெருமை அரைகுறையானதே.

செங்கல்பட்டு காத்திருக்கிறது

தமிழ்நாடு இந்தத் துறைக்குப் புதிய மாநிலம் அல்ல. கிண்டி கிங் நிலையம் 1899-ல் தொடங்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் வந்தது. கிண்டியில் பிசிஜி தடுப்பூசி ஆய்வகம் 1948-ல் வந்தது. கோமாரித் தடுப்பூசிக்காக 1982-ல் தேசியப் பால்வள வாரியம் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம், மனிதர்களுக்கான வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஊட்டியில் தயாரிக்கிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்து உற்பத்திக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்த நஞ்சை மருந்தாக்கும் நிறுவனங்களில் ஹைதராபாத்தைச் சேர்ந்ததும் உண்டு. பாரத் பயோடெக்கைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லாவின் சொந்த ஊரே திருத்தணிப் பக்கம்தான். மூலப்பொருளும் மூளையும் இங்கிருந்து போக, ஆலை அங்கே எழுந்திருக்கிறது.

இங்கே என்ன நடந்தது? 2008 ஜனவரியில் உற்பத்தித் தர விதிகளைக் காரணம் காட்டி, கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்று பொதுத் துறை நிறுவனங்களின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. தரம் உயர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால், பழைய ஆலைகளைப் புதுப்பித்தபடியே உற்பத்தியைத் தொடர வழி செய்யாமல் கதவைச் சாத்தியது பெரும் பிழை. 2010-ல் உரிமங்கள் திரும்பக் கிடைத்தபோது, இடைப்பட்ட காலத்தின் சந்தையும் திறமையும் கைநழுவிப் போயிருந்தன.

அந்த இழப்பை ஈடுகட்டும் என்ற எதிர்பார்ப்போடு, செங்கல்பட்டு அருகே திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் எழுந்தது. மத்திய பொதுத் துறை நிறுவனமான எச்.எல்.எல்.லின் துணை நிறுவனத்துக்காக 2012-ல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அனுமதிக்கப்பட்ட திட்டம் அது; மதிப்பீடு பிறகு 904 கோடியாக உயர்ந்தது. கட்டிடம் வந்தது, கருவிகளும் வந்தன. 2021-ல் தடுப்பூசிக்காக மக்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற நாள்களில், அந்த வளாகத்திலிருந்து ஒரு கரோனா டோஸ்கூட வரவில்லை. அந்த ஆண்டு மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் சென்று பார்த்து, வளாகத்தை மாநில அரசிடம் ஒப்படைக்கும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

ஹைதராபாத்தின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் செங்கல்பட்டுக்குத் தேவையானவை எவை என்பது தெரிகிறது. முதலாவது, உறுதியான கொள்முதல்: இன்ன தடுப்பூசியை, இத்தனை ஆண்டுகளுக்கு, இன்ன விலையில் வாங்கிக்கொள்கிறோம் என்று மத்திய அரசு எழுத்துபூர்வமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மனிதவளம்: கிண்டியிலும் குன்னூரிலும் அனுபவம் பெற்றவர்கள் முழுவதுமாக ஓய்வுபெற்றுப் போவதற்குள், அவர்களிடம் இளைஞர்கள் தொழில் பழக வேண்டும். நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போகும் பட்டதாரிகள் நம் மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாவது, தரக்கட்டுப்பாடும் கழிவு மேலாண்மையும் முதல் நாளிலிருந்தே ஆலையின் பகுதியாக இருக்க வேண்டும். பட்டான்செரு இன்னொரு முறை நடக்கக் கூடாது.

பாலாநகரில் அரசு ஆலை தொடங்கியபோது அது லாபம் தருமா என்று மட்டும் கணக்குப் பார்த்திருந்தால், இன்றைய ஹைதராபாத் இல்லை. செங்கல்பட்டு வளாகத்தையும் வரவு செலவுக் கணக்கோடு நிறுத்தாமல், நாட்டின் பாதுகாப்பு ஏற்பாடாக மத்திய அரசு பார்க்க வேண்டும். தானே முழு வீச்சில் நடத்தலாம்; இல்லையென்றால் மாநிலத்திடம் ஒப்படைக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும், அடுத்த பெருந்தொற்று வருவதற்கு முன்பு செய்ய வேண்டும்.